பத்தாம் நம்பரில் இரண்டு பேர்

வீரய்யா குடித்துவிட்டு வந்து வால்வைத் திறந்தார் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஷர்லி எழுதிக் கொடுக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு காரியத்தைச் செய்யாமல் இருப்பதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

கட்டுமாவடியிலிருந்து ஜெகதாப்பட்டினம் வரை கடலோரச் சாலையில் எந்த ஐஸ் பிளாண்டில் பேனல் மக்கர் செய்தாலும், எந்த இறால் பண்ணையில் மோட்டார் தானாக நின்றுபோனாலும், முதல் போன் ஷர்லிக்குத்தான் போகும். முதுகில் லேப்டாப் பையும், ஸ்கூட்டியின் காலடியில் டூல்ஸ் டப்பாவுமாக வந்து இறங்குவாள். வந்ததும் வணக்கம் வைக்க மாட்டாள், "என்ன பண்ணீங்க?" என்பாள். நாங்கள் ஒன்றுமே பண்ணவில்லை என்று சொன்னால் அவ்வளவுதான், உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். அந்தப் பெண்ணுக்கு மூக்கு மேல் கோபம் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். உண்மைதான். ஆனால் அவள் கை வைத்துவிட்டுப் போன பேனல் அடுத்த மழைக்கும் ஓடும் என்பதையும் அதே வாயால்தான் சொல்வார்கள்.

சொந்த ஊர் ஆவூர். அப்பா கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் ஏன், எப்படி என்று கேட்டுக் கேட்டே பாடம் நடத்திய சிஸ்டரை ஒருநாள் அழவைத்துவிட்டாள் என்று வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். திருச்சியில் இன்ஜினியரிங் முடித்து, சென்னைக்கு வெளியே கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். மெஷின்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சங்கதியை அங்கேதான் கற்றுக்கொண்டாள்.

மெஷின்கள் பேசும் என்றால் சிரிக்கக் கூடாது. மனிதன் பட்டன் அமுக்குகிற பேனல் ஒரு பக்கம் இருக்கும். வால்வைத் திறந்து மூடுகிற கன்ட்ரோலர் இன்னொரு பக்கம் இருக்கும். குளிர் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிற கருவிகள் ஆங்காங்கே இருக்கும். எல்லாவற்றையும் ஒரு வயர் கோத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் தெருவில் வீட்டுக்கு இருப்பதுபோல ஒரு நம்பர் உண்டு. "ஐந்தாம் நம்பரே, வால்வைத் திற" என்று பத்தாம் நம்பர் சொன்னால் ஐந்தாம் நம்பர் திறக்கும். சொன்னது யார் என்று திருப்பிக் கேட்காது. பழைய கன்ட்ரோலர்களின் சுபாவம் அது, யார் சொன்னாலும் தலையாட்டும். அந்தத் தெருவில் யார் யார் குடியிருக்கிறார்கள், எந்தக் கதவு திறந்து கிடக்கிறது என்று ஒவ்வொரு வீடாகத் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்குப் பெயர்தான் நெட்வொர்க் ஸ்கேன்.

முதல் தடவை தட்டியபோது ஷர்லி பலமாகத் தட்டிவிட்டாள். ஒரு கிழட்டு மெஷின் கேள்வி தாங்காமல் மயங்கி விழுந்து, பின்னாலிருந்த வரிசை முழுவதும் நின்றது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துக் கத்தினார். அதற்கப்புறம் அவள் முதலில் ஓரமாக உட்கார்ந்து ஒட்டுக் கேட்பாள். பிறகே மெதுவாகத் தட்டுவாள். அதுவும் மெஷின் ஓடாத நேரமாகப் பார்த்து. இரண்டு வருஷம் கழித்து, அவளிடம் தொழில் கற்ற பையனையே அவளுக்கு மேல் அதிகாரியாகப் போட்டார்கள். போங்கடா நீங்களும் உங்கள் வேலையும் என்று ஐடி கார்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் பேனல்கள் செத்துக்கொண்டிருந்தன, பார்க்க ஆளில்லை என்று கேள்விப்பட்டாள். மீமிசலில் வீடு பார்த்துக்கொண்டாள். கல்யாணம் எப்போது என்று கேட்கிற அம்மாவிடம், பேனல் எதுவும் என்னை அப்படிக் கேட்பதில்லை என்பாள்.

ரெங்கசாமியின் ஐஸ் பிளாண்டுக்கும் அவள்தான் சர்வீஸ். ஜெகதாப்பட்டினம் துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது. அவருடைய அப்பா கட்டியபோது ஒரே பிளாண்ட். அப்பா போனபின் அண்ணன் ரெங்கசாமிக்கும் தம்பி உதயசூரியனுக்கும் கோயில் மரியாதையில் ஆரம்பித்த மனஸ்தாபம் பாகப்பிரிவினையில் வந்து நின்றது. அந்தப் பிரிவினையைப் பற்றி ஊரில் கதை கதையாகச் சொல்வார்கள். ஷெட்டுக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள். ஐஸ் உறையவைக்கிற அம்மோனியா வாயு ஓடும் குழாயை அறுத்து இரண்டாக்கினார்கள். கரண்டுக்குத் தனித்தனி மீட்டர், தண்ணீருக்குத் தனித்தனி போர்வெல். எல்லையில் நின்ற வேப்பமரம் யாருக்கு என்று முடிவாகாமல் அதை வெட்டியே போட்டார்கள். அதற்கப்புறம் அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசியது கிடையாது. ஒரே கல்யாண வீட்டுக்குப் போனால் ஒருவர் கை கழுவிய பிறகுதான் அடுத்தவர் பந்திக்குப் போவார். கண்ணில் பட்டதையெல்லாம் பிரித்துவிட்டோம் என்று இரண்டு பேருக்குமே பெருமை.

வீரய்யா அண்ணன் பக்கத்து ஆபரேட்டர். அப்பா காலத்திலிருந்தே அந்தப் பிளாண்டில் இருப்பவர். குடிக்காத மனிதர் என்று சொன்னால் அவரே சிரிப்பார். ஆனால் குடித்துவிட்டுப் பிளாண்டுக்குள் காலடி வைத்ததில்லை. அம்மோனியாவோடு விளையாடினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகிற நாள் என்றால், முந்தின நாள் தெரு முழுக்க ஐஸ் உடைக்கிற சத்தமாக இருக்கும். அப்படி ஒரு நாளில்தான் அது நடந்தது. அம்மோனியா குழாயில் ஒரு வடிகட்டி உண்டு. அழுக்குச் சேர்ந்தால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். வீரய்யா பேனலில் வால்வை மூடினார். பிறகு போய்க் குழாய் பக்கத்தில் உட்கார்ந்தார். மூடிய குழாயில் வெளியே படிந்த பனி மெல்ல உருகும். அது முழுக்க உருகி, உள்ளங்கையை வைத்தால் குளிர் குத்தாமல் இருக்கிற வரை ஸ்பானரைத் தொட மாட்டார். அன்றும் அப்படித்தான் செய்தார். வடிகட்டியின் மூடியைக் கழற்றி எடுத்த பிறகு, யாரும் தொடாத வால்வு தானாகத் திறந்துகொண்டது.

கண்ணைத் திறக்க முடியாத புகைக்குள் அவர் முதலில் செய்தது, அங்கே ஐஸ் இழுத்துக்கொண்டிருந்த இரண்டு பேரை நெட்டி வெளியே தள்ளியது. பிறகு தட்டுத்தடுமாறித் தண்ணீர் டிரம்மில் தலையை முக்கினார். அதனால் கண் பிழைத்தது. மூச்சுக்குழாய் பிழைக்கவில்லை.

அந்த வால்வுக்கு முன்னால் கையால் திருகி மூடுகிற வால்வு ஒன்றும் இருந்தது. அதுவும் மூடியிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. அது துருப்பிடித்துப் பாதியில் நின்றுபோய் வெகுநாளாயிற்று. மாற்றுங்கள் என்று வீரய்யாவும் சொல்லியிருந்தார், ஷர்லியும் சொல்லியிருந்தாள். சீசன் முடியட்டும் என்று ரெங்கசாமி தள்ளிப்போட்டிருந்தார். தொழிற்சாலைகளைச் சோதிக்கிற ஆபீசர் விசாரணைக்கு வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? அதனால் வீரய்யாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கே துறைமுகத்து டீக்கடையில் போய் உட்கார்ந்து, நாலு பேர் காதில் விழும்படி, "ஊத்திக்கிட்டு வந்திருக்கான், கை தவறிருச்சு" என்று சொல்லிவிட்டார். துறைமுகத்தில் ஒன்று சொன்னால் சாயங்காலத்துக்குள் கோட்டைப்பட்டினம் வரை போய்விடும். வீரய்யாவை இனி எந்த ஐஸ் பிளாண்டிலும் சேர்க்க மாட்டார்கள் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

மெஷின்களைப் போட்டுக்கொடுத்த கோயம்புத்தூர் கம்பெனியிலிருந்து பாலாஜி என்ற இன்ஜினியர் காரில் வந்தான். அவன் கம்பெனிதான் முதலில் பிளாண்டுக்கே இதெல்லாம் போட்டது. பிரிவினைக்கு அப்புறம் இரண்டு பக்கமும் புதுப் பேனல் வைத்ததும் அவர்கள்தான். கன்ட்ரோலரில் பதிவாகியிருந்ததைப் பார்த்துவிட்டு, திறக்கச் சொல்லிக் கட்டளை பத்தாம் நம்பரிலிருந்து வந்திருக்கிறது என்றான். பத்தாம் நம்பர் என்றால் பேனல். பேனலில் நின்றது வீரய்யா. ஆக வீரய்யாதான் அமுக்கியிருக்கிறார், விஷயம் முடிந்தது. சட்டை கூடக் கசங்காமல் வந்து, கசங்காமலே உட்கார்ந்தான்.

வருஷம் முழுக்க சர்வீஸ் பார்க்கிறவள் என்பதால், ஆபரேட்டர் தவறு என்று ஷர்லி ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் விசாரணையில் எடுபடும். ரெங்கசாமி அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ வரவழைத்தார்.

"எழுதிக் குடுத்துட்டுப் போம்மா. அவன் ஆஸ்பத்திரிச் செலவ நான் பாத்துக்கிறேன்."

"வால்வு ஏன் தொறந்துச்சுன்னு எனக்கு இன்னும் தெரியாது சார். தெரியாதத எப்படி எழுதுறது?"

"அதான் கம்பெனிக்காரரு சொல்லிட்டாருல்ல?"

"எந்த நம்பர்லேருந்து வந்துச்சுன்னு சொன்னாரு. யார்ட்டேருந்து வந்துச்சுன்னு சொல்லல."

வீரய்யாவின் இரண்டு கையும் ஸ்பானரில் இருந்தபோது இருபதடி தள்ளியிருந்த பேனலை அமுக்கியது யார், காலால் அமுக்கினாரா என்று பாலாஜியைப் பார்த்துக் கேட்டாள். நெட்வொர்க்கை ஒரு தடவை ஸ்கேன் பண்ணிப் பார்க்க வேண்டும் என்றாள். எங்களைத் தவிர வேறு யார் வயரைச் செருகினாலும் கேரண்டி போய்விடும், அப்புறம் சிஸ்டம் படுத்தால் நாங்கள் பொறுப்பில்லை என்றான் அவன். உடனே ரெங்கசாமிக்கும் தைரியம் வந்துவிட்டது. பேனல் பக்கம் போகக் கூடாது என்றார். எழுதித் தராவிட்டால் தன் பிளாண்டில் மட்டுமல்ல, இந்தக் கரையில் ஒரு பிளாண்டிலும் அவளுக்கு வேலை இருக்காது, முதலாளிகள் சங்கத்தில் சொல்லிவிடுவேன் என்றார். சொல்லிக்கொள்ளுங்கள் என்று ஷர்லி எழுந்துவிட்டாள். டீயைத் தொடவில்லை.

அவர் சும்மாவும் சொல்லவில்லை. அந்த வாரமே மூன்று பிளாண்டுகள் அவளை வர வேண்டாம் என்றன. ஒரு இறால் பண்ணைக்காரர் போனையே எடுக்கவில்லை. ஷர்லிக்குப் பயமாக இல்லையா என்றால், இருந்தது. அடுத்த மாத வாடகைக்குக் கையில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாள். ஆனால் பயத்தைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது. அவளுக்கு எப்போதும் அப்படித்தான்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய் வீரய்யாவைப் பார்த்தாள். குரல் போய்க் காற்றுதான் வந்தது. பனி உருகியதா என்று ஒன்றை மட்டும் கேட்டாள்.

"உருகிருச்சு தங்கச்சி. கைய வச்சுப் பாத்துட்டுத்தான் கழட்டுனேன்."

பனி உருகியிருந்தால் வால்வு மூடித்தான் இருந்திருக்கிறது. பிறகு யாரோ திறந்திருக்கிறார்கள். அவளுக்கு அதற்குமேல் சந்தேகம் இல்லை. பக்கத்தில் நின்ற அவர் மனைவி முத்தாள், குழாயடியில் தண்ணீர் பிடிக்கப் போனால்கூட, உன் புருஷன் அன்றைக்கு எவ்வளவு குடித்திருந்தான் என்று கேட்கிறார்கள் என்றாள். அழவில்லை. அப்படிக் கேட்டவளின் குடத்தை உதைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஆனால் ஓடுகிற பிளாண்டில் தட்டிப் பார்க்க முடியாது. கிழட்டுக் கன்ட்ரோலர் மயங்கினால் இன்னொரு வீரய்யா விழுவார். பிளாண்ட் நிற்க வேண்டும். சீசனில் எவன் நிறுத்துவான்? விசாரணை நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் கடலுக்குப் போனவர்களை எல்லை தாண்டினார்கள் என்று அக்கரைக் கடற்படைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்ற செய்தி வந்தது. துறைமுகம் நின்றது. ஆட்கள் திரும்பி வருகிற வழி தெரியும்வரை எந்தப் படகும் போகாது, எந்தப் பிளாண்டும் ஓடாது. அந்தக் கரையில் அது எழுதாத சட்டம். எல்லா கேட்டிலும் கறுப்புக் கொடி கட்டினார்கள். முதலாளிமார் உட்பட எல்லோரும் துறைமுகத்துப் பந்தலில் உட்கார்ந்தார்கள்.

ஷர்லி பட்டப்பகலில் ஸ்கூட்டியில் வந்து ரெங்கசாமியின் கேட்டைத் திறந்தாள். சர்வீஸ் சாவி அவளிடம் இருந்தது, அவர் திருப்பி வாங்க மறந்திருந்தார். தெருமுனையில் நின்ற மீனவர்கள் ஓடிவந்து மறித்தார்கள். நம் ஆட்கள் ஜெயிலில் கிடக்கும்போது பிளாண்டில் உனக்கென்ன வேலை என்று சத்தம் போட்டார்கள். அவர்கள் கோபத்தில் தப்பில்லை.

"ஐஸ் போட வரலண்ணே," என்றாள் ஷர்லி. "வீரய்யா அண்ணன் மேல போட்ட பழிய எடுக்க வந்திருக்கேன். இன்னைக்கு விட்டா வேற நாள் கெடையாது."

அவர்களில் ஒருவன், வீரய்யா அன்று வெளியே தள்ளிவிட்ட இருவரில் ஒருவன். அவன் மற்றவர்களை விலக்கிவிட்டுக் கேட்டைத் தள்ளிப் பிடித்துக்கொண்டான்.

உள்ளே கம்ப்ரசர் சத்தமில்லாமல் பிளாண்ட் வேறு மாதிரி இருந்தது. பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் மட்டும் கரண்டு கொடுத்துவிட்டு, வயர்கள் கூடுகிற பெட்டியில் லேப்டாப்பைச் செருகினாள். முதலில் ஒட்டுக் கேட்டாள். அண்ணன் பக்கத்தில் ஆறு கருவிகள். ஆறும் அவளுக்கு அத்துப்படி. எல்லாம் ஓய்ந்து கிடக்க வேண்டிய நேரம். ஆனால் வயரில் பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. குளிர் இவ்வளவு, அழுத்தம் இவ்வளவு, கம்ப்ரசர் ஓடுகிறது. எந்தக் கம்ப்ரசர்? அவள் எதிரே இருந்தது பிணம்போலக் கிடக்கிறதே!

மெதுவாகத் தட்டினாள். ஆறு பதில் வர வேண்டிய இடத்தில் பன்னிரண்டு வந்தது. பத்தாம் நம்பரைக் கூப்பிட்டால் இரண்டு பேர் "என்ன?" என்றார்கள். நம்பர் ஒன்றுதான்; ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் அது செய்யப்பட்ட இடத்திலேயே பதித்த பிறவி எண் ஒன்று உண்டு, அது வேறு வேறாக இருந்தது. ஐந்தாம் நம்பரிலும் இரண்டு பேர். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் கொடுத்தால் தபால்காரர் சிலசமயம் இந்த வீட்டுக்கடிதத்தை அந்த வீட்டில் போடுவாரே, அந்தக் கதைதான். அந்தக் கடிதத்தில் "வால்வைத் திற" என்று எழுதியிருந்ததுதான் விபரீதம்.

பெட்டியிலிருந்து கிளம்பிய வயர்களை ஒவ்வொன்றாகக் கையால் தடவிக்கொண்டு போனாள். ஒன்று தரைக்குள் இறங்கி, பழைய குழாய் ஒன்றுக்குள் நுழைந்து, சுவருக்கு அடியில் போனது. அண்ணனும் தம்பியும் மரத்தைக்கூட விடாமல் பிரித்தார்களே, இதை விட்டுவிட்டார்கள். மண்ணுக்குள் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டிய கம்பெனியோ, அண்ணன் பக்கத்துப் புரோகிராமை அப்படியே எடுத்து, நம்பரைக்கூட மாற்றாமல் தம்பி பக்கமும் போட்டுவிட்டுப் போயிருந்தது. ஷர்லிக்குச் சிரிப்பும் வந்தது, அடிவயிற்றிலிருந்து கோபமும் வந்தது. வீட்டுக்காரர்கள் ஜென்மப் பகையில் இருக்க, மெஷின்கள் மட்டும் இத்தனை நாளும் உறவு கொண்டாடிக்கொண்டிருந்திருக்கின்றன.

சுவரில் காதை வைத்தாள். அந்தப் பக்கம் கம்ப்ரசர் உறுமிக்கொண்டிருந்தது. பந்தலில் தலையைக் காட்டிவிட்டு வந்து, கறுப்புக் கொடி கட்டிய கேட்டுக்குப் பின்னால் உதயசூரியன் ஐஸ் போட்டுக்கொண்டிருந்தார். போராட்டம் முடிகிற அன்று எல்லோருக்கும் முன்னால் விற்க வேண்டுமே!

நேரே போய் அந்த கேட்டைத் தட்டினாள். உதயசூரியன் வேட்டியை இறுக்கிக் கட்டியபடி வந்து, பிளாண்ட் மூடியிருக்கிறது என்றார். உங்கள் பத்தாம் நம்பர் அப்படிச் சொல்லவில்லையே சார் என்றாள். அவள் மிரட்டவில்லை. வயரில் கேட்டதை மட்டும் சொன்னாள். வீரய்யாவுக்கு என்ன நடந்திருக்கும் என்பதையும் சொன்னாள். விசாரணை அன்று உங்கள் ஆபரேட்டர் சோமு, எப்போதும்போல உங்கள் பேனலில் உங்கள் வால்வைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள். அண்ணன் காரியத்தில் நான் எதற்கு வர வேண்டும் என்று அவர் ஆரம்பித்தார். பிறகு துறைமுகத்துப் பந்தல் இருக்கிற திசையை ஒரு தடவை பார்த்தார். சரி என்றார். கொடிக்குப் பின்னால் அவர் ஐஸ் போட்டதை ஷர்லி இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

பிடிபட்டவர்கள் விடுதலையாகி வருகிறார்கள் என்று செய்தி வந்து, மறுநாள் படகுகள் கிளம்பலாம் என்று முடிவானது. விசாரணையும் செய்தி வந்த அன்றைக்குத்தான். ஆபீசர் வந்தார், பாலாஜி வந்தான். ரெங்கசாமி ஷர்லியைப் பார்த்ததும் வெளியே போகச் சொன்னார். நீங்கள் சொல்லி நான் வரவில்லை, ஆபீசருக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், அவர் கூப்பிட்டு வந்திருக்கிறேன் என்றாள். ஆபீசர் தலையசைத்தார். குழாயில் அம்மோனியா இல்லாமல் காலியாக்கி, எல்லோரையும் அண்ணன் பக்கத்து வால்வுக்கு முன்னால் நிற்கவைத்தாள். பேனலுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை என்பதை ஆபீசரையே பார்க்கச் சொன்னாள். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தாள். சோமு தன் பேனலில் பட்டனை அமுக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. பாலாஜி மெல்லச் சிரித்தான். சோமு மறுபடி அமுக்கினான். அப்போதும் இல்லை. மூன்றாம் தடவை அமுக்கியபோது, இங்கே, எல்லோர் கண்ணுக்கும் முன்னால், யாரும் தொடாத வால்வு டக்கென்று திறந்தது.

ஆபீசர் குனிந்து வால்வைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து பாலாஜியைப் பார்த்தார். நம்பரை அப்படியே விட்டது யார் வேலை என்று கேட்டதற்கு, ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன் என்றான்.

அதற்குள் சோமு இந்தப் பக்கம் ஓடிவந்திருந்தான். பிரிவினைக்கப்புறம் அந்தப் பக்கத்து ஆள் இந்தக் கேட்டைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. திறந்து கிடந்த வால்வைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிப்போயிற்று. வீரய்யாவிடம் வேலை பழகியவன் அவன்.

"அன்னைக்கும் எங்க வால்வு சட்டுன்னு தொறக்கல. ரெண்டு மூணு தடவ அமுக்குனேன்," என்றான். "அப்ப நான்தானா அக்கா?"

"நீ ஒன் வால்வத்தான் தொறந்த," என்றாள் ஷர்லி. "ஒன் மேலயும் பழியில்ல, அவரு மேலயும் பழியில்ல. வயரப் பிரிக்காம சொவரு வச்சவங்க மேலயும், ஒரே நம்பர ரெண்டு எடத்துலயும் போட்டவங்க மேலயும், துருப்பிடிச்ச வால்வ மாத்தாதவங்க மேலயும்தான் இருக்கு."

ரெங்கசாமி, ஆபீசர் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தார்.

இதைச் சரிசெய்து காட்டாதவரை இரண்டு பிளாண்டும் ஓடக் கூடாது என்று ஆபீசர் எழுதிவிட்டார். விடிந்தால் படகுகள் போக வேண்டும், தெரு முழுக்க ஐஸ் கேட்டு வண்டிகள் நிற்கின்றன. பாலாஜியைக் கேட்டால், கோயம்புத்தூரிலிருந்து ஆட்கள் வர ஒரு வாரமாகும் என்றான். ஷர்லியால் சாயங்காலத்துக்குள் முடியும். சுவருக்கு அடியில் போகிற வயரை அறுக்க வேண்டும். இரண்டு பக்கமும் வேறு வேறு நம்பர் போட வேண்டும். தன் பேனலைத் தவிர வேறு யார் சொன்னாலும் கேட்காதே என்று ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் காவல் வைக்க வேண்டும். துருப்பிடித்த கை வால்வுக்குப் பதிலாகப் புதியது ஒன்றை உடனே வாங்கிவரச் சொல்லி, அதையும் மாட்ட வேண்டும். அப்புறம் மறுபடி ஒரு தடவை தெரு முழுக்கத் தட்டிப் பார்த்து, ஆறு பேர்தான் இருக்கிறார்களா என்று எண்ண வேண்டும்.

ரெங்கசாமி அவளிடம் வந்தார். முன்பு பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதே, என்ன வேண்டுமோ கேள், செய்கிறேன் என்றார்.

"வீரய்யா அண்ணன் குடிச்சிருந்தாருன்னு எங்க வச்சுச் சொன்னீங்களோ அங்க போயிச் சொல்லுங்க, இல்லன்னு," என்றாள். "சொன்னதுக்கப்புறம்தான் பேனலத் தொறப்பேன்."

ஆபீசர் எழுதியதில் வந்துவிட்டதே, அது போதாதா என்றார். அதைத் துறைமுகத்தில் யார் படிக்கப் போகிறார்கள் என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போய் அவனிடமே சொல்லிவிடுகிறேன் என்றார். தான் குடிக்கவில்லை என்பது அவருக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே என்றாள். கேட்டுக்கு வெளியே ஐஸ் வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். ரெங்கசாமி செருப்பை மாட்டிக்கொண்டார்.

அன்று காலையில்தான் வீரய்யாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்; அதற்குள் அவர் டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் முத்தாள். சோமு ஆட்டோ பிடித்துக் கூட்டிவந்திருந்தான். வலை தைத்துக்கொண்டிருந்தவர்களும், படகில் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தவர்களும், ஐஸ் இல்லாமல் சும்மா நின்றவர்களும் கூடிவிட்டார்கள். ரெங்கசாமி கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றார். தரையைப் பார்த்தபடி, வீரய்யா அன்றைக்குக் குடித்திருக்கவில்லை, முறையாக மூடிவிட்டுத்தான் வேலை பார்த்தார், தப்பு பிளாண்டில்தான் என்றார்.

"கேக்கல," என்றாள் முத்தாள்.

அவர் ஷர்லியைப் பார்த்தார். ஷர்லி லேப்டாப் பையைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை, நகரவும் இல்லை. அவர் மறுபடி சொன்னார், இந்தத் தடவை நிமிர்ந்து, படகில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி. தப்பு யாருடைய பிளாண்டில் என்று முத்தாள் கேட்டாள். என் பிளாண்டில் என்றார்.

வீரய்யா எழுந்து நின்றார். அவ்வளவு பேருக்கும் கேட்கிற குரல் அவரிடம் இனி கிடையாது. இருந்த காற்றை வைத்துக்கொண்டு, "எனக்குக் கேட்டுச்சு," என்றார். ஷர்லி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பிளாண்டுக்குப் போனாள்.